அதிபர் பதவிக்குப் பிறகு தொடங்கிய அரசியல்: ஜான் குவின்சி ஆடம்ஸ்

1831 டிசம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை கூடியபோது, மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து வந்திருந்த புது உறுப்பினர் ஒருவருக்கு வயது 64. இரண்டே முக்கால் வருடங்களுக்கு முன்புவரை அவர்தான் நாட்டின் அதிபர். அதற்கு முன்பு எட்டு ஆண்டுகள் வெளியுறவு அமைச்சர், அதற்கும் முன்பு நான்கு நாடுகளில் தூதர். தந்தை ஜான் ஆடம்ஸ் இரண்டாவது அதிபர். இப்படிப்பட்டவர் கீழ்ச்சபையில் இருநூற்றுச் சொச்சம் பேரில் ஒருவராகப் போய் உட்கார்வது குடும்பத்தாருக்கே பிடிக்கவில்லை. ஆடம்ஸுக்கோ உறுத்தல் எதுவும் இல்லை. மக்களுக்குப் பணி செய்வதால் எவருக்கும் மதிப்புக் குறையாது, ஊராட்சிப் பொறுப்பாளராக இருந்தாலும் சரிதான் என்பது அவர் சொன்ன பதில். அதிபரானபோது கிடைத்த மகிழ்ச்சி இதில் பாதிகூட இல்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

அதிபராக இருந்துவிட்டுப் பிரதிநிதிகள் சபைக்குப் போனவர் அமெரிக்க வரலாற்றில் அவர் ஒருவர்தான். அங்கே 17 ஆண்டுகள் இருந்தார். இன்று அவர் பெயர் நிலைத்திருப்பதற்கு அந்த 17 ஆண்டுகளே காரணம். வெள்ளை மாளிகையின் நான்கு ஆண்டுகளை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரே தவணையோடு வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதிபர்களின் பட்டியலில் அவரும் ஒருவர், அவ்வளவுதான். மக்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்க மறுத்ததால் அதிபராகத் தோற்றவர், அதே மக்கள் எழுதி அனுப்பிய மனுக்களுக்காக எட்டு ஆண்டுகளுக்கு மேல் சபையில் போராடினார் என்பதுதான் அவருடைய வாழ்க்கையில் இருக்கும் விசித்திரம்.

1767இல் பிறந்தவர். எட்டு வயது நிரம்புவதற்குள், 1775 ஜூனில், தாய் அபிகெயிலின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அருகிலிருந்த குன்றில் ஏறி, அமெரிக்க சுதந்திரப் போரின் தொடக்க மோதல்களில் ஒன்றான பங்கர் ஹில் போரின் புகையைப் பார்த்தார். பத்து வயதில் தந்தையோடு பிரான்சுக்குக் கப்பலேறினார். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார் என்பதால், 14 வயதில் அமெரிக்கத் தூதரின் செயலாளராக ரஷ்யத் தலைநகர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அனுப்பப்பட்டார். ஹார்வர்டில் படிப்பை முடித்து, சட்டத்தொழிலில் மெல்லக் காலூன்றிக்கொண்டிருந்தவரை 1794இல் அதிபர் வாஷிங்டன் நெதர்லாந்துக்குத் தூதராக அனுப்பினார். பிறகு பிரஷ்யா, ரஷ்யா, பிரிட்டன் என்று தொடர்ந்தது. 1814 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் நகரில் பிரிட்டனோடு சமாதானம் செய்துகொண்ட அமெரிக்கக் குழுவுக்குத் தலைவர் இவரே.

இடையில் ஐந்து ஆண்டுகள் செனட்டில் இருந்தார். அவர் செனட்டரானது ஃபெடரலிஸ்ட் கட்சியின் சார்பில். ஆனால் எதிர்க்கட்சி அதிபரான ஜெஃபர்சன் 1807இல் கொண்டுவந்த வணிகத் தடைச் சட்டத்தை ஆதரித்து வாக்களித்தார். கடல் வணிகத்தை நம்பியிருந்த மாசசூசெட்ஸுக்கு அது வயிற்றில் அடிக்கும் சட்டம். பதவிக்காலம் முடிவதற்கு வெகுநாள் முன்பே கட்சிக்காரர்கள் அவருடைய இடத்துக்கு வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்; ஆடம்ஸ் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். கட்சியை நம்பாத குணம், தன் முடிவே சரி என்ற பிடிவாதம், அதற்குக் கொடுக்க வேண்டிய விலையைக் கொடுத்துவிட்டுப் புலம்பாமல் நகர்வது ஆகிய மூன்றும் இந்தச் சம்பவத்திலேயே தெரிகின்றன. புலம்பல் எல்லாம் நாட்குறிப்பில்தான். 12 வயதில் தொடங்கிச் சாகும்வரை எழுதிய அந்தக் குறிப்புகள் 51 தொகுதிகள் இருக்கின்றன. ஒதுங்கிப்போகிறவன், இறுக்கமானவன், யாரையும் அண்டவிடாதவன் என்று தன்னைப் பற்றியே அதில் எழுதியிருக்கிறார். படிக்கிற யாரும் மறுக்க மாட்டார்கள்.

அதிபர் மன்ரோவிடம் வெளியுறவு அமைச்சராக இருந்த 1817–1825 காலத்தை ராஜதந்திர வரலாற்றாசிரியர்கள் கொண்டாடுகிறார்கள். கனடாவுடனான எல்லை 49ஆம் அட்சக்கோட்டில் ராக்கி மலைத்தொடர்வரை வரையறுக்கப்பட்டது. 1819இல் ஸ்பெயினோடு கையெழுத்தான ஒப்பந்தத்தால் ஃபுளோரிடா கிடைத்தது, பசிபிக் கடல்வரை ஒரு கோடும் கிடைத்தது. அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் இனிப் புதிதாகக் குடியேற்றங்கள் அமைக்கக் கூடாது என்று 1823இல் அறிவித்த மன்ரோ கோட்பாட்டிலும் ஆடம்ஸின் கை பெரிது. 1821 ஜூலை 4 அன்று அவர் ஆற்றிய உரையில், அமெரிக்கா அரக்கர்களைத் தேடி அழிப்பதற்காக அயல்நாடுகளுக்குப் போவதில்லை என்று ஒரு வரி வரும். வெளிநாட்டுப் போர் எதையாவது எதிர்க்க வேண்டுமென்றால் அமெரிக்காவில் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அதே மனிதர்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஜெனரல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஸ்பெயினின் ஃபுளோரிடாவுக்குள் படையோடு புகுந்தபோது அமைச்சரவையில் அவருக்காகத் தனியாக வாதாடியவர். மேற்கோள் காட்டுகிறவர்கள் அதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அடிமைமுறை விஷயத்திலும் அந்நாளில் அவர் செய்தவை பெருமைப்படத் தக்கவை அல்ல. 1812 போரின்போது பிரிட்டிஷ் படைகளோடு போய்விட்ட அடிமைகளுக்காக அவர்களின் முதலாளிகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று பிரிட்டனிடம் விடாமல் வற்புறுத்தியவர் இவர். 1820இல் மிசூரியை அடிமைமுறை மாநிலமாகச் சேர்க்கலாமா என்ற சர்ச்சை எழுந்தபோது, இது ஒரு பெரிய சோக நூலின் தலைப்புப் பக்கம் மட்டுமே என்று நாட்குறிப்பில் எழுதினார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வெடித்த உள்நாட்டுப் போரை நினைத்தால் அந்த வரி சிலிர்க்கவைக்கும். ஆனால் வெளியே வாய் திறக்கவில்லை. அதிபராக வேண்டும் என்ற ஆசை இருந்தது; தெற்கு மாநிலங்களைப் பகைத்துக்கொள்ள முடியாது.

ஆசை நிறைவேறிய விதம் அவருக்கு நிம்மதி தரவில்லை. 1824 தேர்தலில் நான்கு பேர் போட்டியிட்டார்கள். அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவின் 261 வாக்குகளில் ஜாக்சனுக்கு 99, ஆடம்ஸுக்கு 84, வில்லியம் கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேவுக்கு 37. மக்கள் நேரடியாகப் போட்ட வாக்குகளிலும் ஜாக்சனே முன்னால் இருந்தார். ஆனால் வெற்றிக்கு 131 வேண்டும், அது யாருக்கும் கிடைக்கவில்லை. அப்படியானால் முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும், மாநிலத்துக்கு ஒரு வாக்கு என்பது அரசமைப்பின் 12ஆவது திருத்தம் சொல்லும் வழி. நான்காவதாக வந்த கிளே போட்டியிலிருந்து வெளியேறினார், ஆனால் சபாநாயகர் அவர்தான். 1825 ஜனவரி 9 மாலை கிளே ஆடம்ஸின் வீட்டுக்கு வந்து நெடுநேரம் பேசிவிட்டுப் போனார். பிப்ரவரி 9 அன்று 13 மாநிலங்கள் ஆடம்ஸுக்கு வாக்களித்தன. ஜாக்சனுக்கு 7, கிராஃபோர்டுக்கு 4. ஆடம்ஸுக்குக் கிடைத்த 13இல் கிளேயின் கென்டகியும் உண்டு. ஆடம்ஸுக்கு மக்கள் வாக்கு ஒன்றுகூட விழாத மாநிலம் அது. சில நாட்களில் கிளே வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார். அந்நாளில் அந்தப் பதவி அதிபர் பதவிக்கு முந்தைய படி.

பேரம் நடந்ததற்கு ஆதாரம் கிடையாது. இருவரின் கொள்கைகளும் ஏற்கெனவே நெருங்கியவைதாம். ஆனால் ஊர்வாயை மூட வழியில்லை. 'ஊழல் பேரம்' என்ற இரண்டு சொற்களை வைத்தே ஜாக்சனின் ஆதரவாளர்கள் நான்கு ஆண்டுகள் பிரசாரம் செய்தார்கள். கிளேயை அழைத்தால் இப்படிப் பேசுவார்கள் என்று ஆடம்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் தகுதியானவர் என்பதால் அழைத்தார். அரசியலில் நேர்மைக்கும் அசட்டுத்தனத்துக்கும் இடையே உள்ள கோடு சில நேரம் மிக மெல்லியது.

1825 டிசம்பரில் காங்கிரஸுக்கு அனுப்பிய முதல் ஆண்டுச் செய்தியில் தேசியப் பல்கலைக்கழகம், சாலைகள், கால்வாய்கள், ஆய்வுப் பயணங்கள், வானாய்வு நிலையம் என்று நீண்ட திட்டம் வைத்தார். ஐரோப்பாவில் 130க்கு மேற்பட்ட வானாய்வு நிலையங்கள் இருக்கின்றன, நம்மிடம் ஒன்றுகூட இல்லையே என்று வருந்தி, அவற்றை வானத்தின் கலங்கரை விளக்கங்கள் என்று வருணித்தார். எதிரிகளுக்கு வேறென்ன வேண்டும்? அந்த விளக்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேலிப் பொருளாயின. அதைவிடப் பெரிய தவறு அதே செய்தியில் இருந்தது. மற்ற நாடுகள் முன்னேறும்போது, நம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் விருப்பம் நம் கைகளை முடக்கிப்போட்டுவிட்டது என்று உலகுக்குச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பதா என்று கேட்டார். குறைவான வாக்குகள் பெற்று அதிபரான ஒருவர், வாக்காளரின் விருப்பத்தை ஒரு நோய்போலப் பேசிய வாக்கியம் அது. சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. சொல்லக்கூடிய ஆள் அவர் இல்லை.

கட்சி கட்டுவதிலும் கோட்டைவிட்டார். தனக்கு எதிராக வேலை செய்யும் அதிகாரிகளைக்கூட அரசியல் காரணத்துக்காக நீக்க மறுத்தார். அஞ்சல் துறைத் தலைவர் ஜான் மெக்லீன் ஜாக்சன் அணிக்கு உதவிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரிந்தும் பதவியில் விட்டுவைத்தார். அந்தப் பக்கத்தில் நியூயார்க்கின் மார்ட்டின் வான் ப்யூரன், மாநிலம் மாநிலமாகத் தொடர்புகளைக் கோத்து, பிற்காலத்தில் ஜனநாயகக் கட்சி ஆகப்போகும் அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். ஜார்ஜியாவில் கிரீக் பழங்குடியினரின் நிலத்தை மோசடியாக எழுதிவாங்கிய ஒப்பந்தத்தை ஆடம்ஸ் ரத்துசெய்து புதிதாகப் பேசினார். மாநில ஆளுநர் அதை மதிக்காமல் எதிர்த்து நின்றபோது, கடைசியில் விட்டுக்கொடுத்தது மத்திய அரசுதான்.

ஒரே ஒரு நாள் அவருக்கும் கூட்டத்துக்கும் ஒத்துப்போனது. 1828 ஜூலை 4 அன்று செசபீக்–ஒஹாயோ கால்வாயின் தொடக்க விழா. சம்பிரதாயமாக மண்வெட்டியை இறக்கினார். அது ஒரு வேரில் மோதி நின்றது. மறுபடி வெட்டினார், நகரவில்லை. மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு மேல்கோட்டைக் கழற்றி வைத்து ஓங்கி வெட்டி மண்ணை அள்ளினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. தயாரித்து வைத்திருந்த உரையைவிட அந்தக் கோட்டைக் கழற்றியதுதான் எடுபட்டது என்று அவருக்கே புரிந்தது, நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். காலம் கடந்துவிட்டிருந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் ஜாக்சன் 178, ஆடம்ஸ் 83. புதிய அதிபரின் பதவியேற்புக்குக்கூட அவர் போகவில்லை. அடுத்த மாதமே மூத்த மகன் ஜார்ஜ் நீராவிக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்தார்.

இந்த நிலையில்தான் 1830இல் ப்ளிமத் தொகுதிக்காரர்கள் அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். சபையில் உட்கார்ந்த ஒரு வாரத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்த 15 மனுக்களைத் தாக்கல் செய்தார். நாட்டின் தலைநகர்ப் பகுதியில் அடிமைமுறையை ஒழிக்க வேண்டும் என்பது கோரிக்கை. அந்தக் கோரிக்கையைத் தான் ஆதரிக்கவில்லை என்றும் சேர்த்தே சொன்னார்! மனு எழுதியவர்களோடு உடன்படுவது வேறு, அவர்கள் எழுதியதைச் சபையில் வைப்பது வேறு. ஒரு தபால்காரருக்குரிய இந்த நிலைப்பாடுதான் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் அடிப்படை.

அரசமைப்பின் முதல் திருத்தம் பேச்சுரிமையோடு மனு அளிக்கும் உரிமையையும் பாதுகாக்கிறது. வாக்குரிமை இல்லாத பெண்களுக்கு அரசியலில் இருந்த கதவு கிட்டத்தட்ட அது ஒன்றுதான். 1833இல் அமெரிக்க அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் தோன்றியபின், வீடுவீடாகப் போய்க் கையெழுத்து வாங்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். மனுக்கள் கட்டுக்கட்டாக வாஷிங்டனுக்கு வரத் தொடங்கின. தெற்கு மாநில உறுப்பினர்களுக்கு அவை வாசிக்கப்படுவதே அவமானமாகப் பட்டது. 1836 மே 26 அன்று, அடிமைமுறை தொடர்பான எந்த மனுவும் அச்சிடப்படாமலும் எந்தக் குழுவுக்கும் அனுப்பப்படாமலும் அப்படியே கிடப்பில் போடப்படும் என்ற தீர்மானம் 117–68 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இதுதான் புகழ்பெற்ற வாய்ப்பூட்டு விதி. ஆடம்ஸ் பேச எழுந்தார், அனுமதி கிடைக்கவில்லை. வாக்கெடுப்பில் தன் பெயர் அழைக்கப்பட்டபோது, இந்தத் தீர்மானம் அரசமைப்பையும் இந்தச் சபையின் விதிகளையும் என் தொகுதி மக்களின் உரிமைகளையும் நேரடியாக மீறுகிறது என்று கூச்சலுக்கு நடுவே சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

அவர் கையாண்ட முறையைப் பார்க்க 1837 பிப்ரவரி 6ஆம் தேதியை எடுத்துக்கொள்ளலாம். மனுக்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக்கொண்டு வந்தவர், ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினார். தங்களை அடிமைகள் என்று சொல்லிக்கொள்ளும் 22 பேர் அனுப்பிய மனு இது, இது வாய்ப்பூட்டு விதிக்குள் வருமா என்று சபாநாயகரின் தீர்ப்பு வேண்டும் என்றார். சபாநாயகர் ஜேம்ஸ் போல்க். பிற்காலத்தில் அவரும் அதிபரானார். அடிமைகளின் மனுவா? சபை கொதித்தது. அந்தத் தாளைக் கொளுத்த வேண்டும் என்று ஒரு குரல். ஆடம்ஸைச் சபையின் முன் நிறுத்திக் கண்டிக்க வேண்டும் என்று தென் கரோலினாவின் வாடி தாம்சன் தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கத்தி ஓயும்வரை ஆடம்ஸ் காத்திருந்தார். பிறகு இரண்டு விஷயங்களைத் தெரிவித்தார். ஒன்று, நான் இன்னும் மனுவைத் தாக்கல் செய்யவில்லை, கேள்விதான் கேட்டேன். இரண்டு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. அடிமைமுறையை ஒழிக்கக் கூடாது என்றல்லவா அவர்கள் கேட்கிறார்கள்! அவரைச் சிக்கவைக்க யாரோ போலியாக அனுப்பிய தாளாக அது இருந்திருக்கலாம். அதை வைத்தே எதிரிகளைச் சிக்கவைத்தார். கண்டனத் தீர்மானத்தைத் திருத்தித் திருத்தி எழுதிப் பார்த்தார்கள், ஒன்றும் நிறைவேறவில்லை. அடிமைமுறையைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி போட்டவர்கள், நாள்கணக்கில் அதைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார்கள்.

1842 ஜனவரியில் இன்னும் துணிந்தார். மாசசூசெட்ஸின் ஹேவர்ஹில் ஊரைச் சேர்ந்த 46 பேர் அனுப்பிய மனுவைத் தாக்கல் செய்தார். அமெரிக்க ஐக்கியத்தையே கலைத்துவிட வேண்டும் என்பது கோரிக்கை. அதை மறுத்துப் பதில் எழுத ஒரு குழு அமைக்கலாம் என்பது ஆடம்ஸின் யோசனை. தேசத்துரோகத்துக்குத் துணைபோகிறார் என்று கண்டனத் தீர்மானம் வந்தது. 74 வயது முதியவர் எழுந்து, சுதந்திரப் பிரகடனத்தின் முதல் பத்தியைப் படியுங்கள் என்று சபைச் செயலரிடம் கேட்டார். ஓர் அரசு மக்களின் உரிமைகளை அழித்தால் அதை மாற்றவோ ஒழிக்கவோ மக்களுக்கு உரிமை உண்டு என்ற வரிகள் சபையில் உரக்கப் படிக்கப்பட்டன. இரண்டு வாரம் தற்காப்பு வாதம் செய்தார். இன்னும் ஒரு வாரம் பேச வேண்டியிருக்கிறது, விரும்பினால் தீர்மானத்தைக் கைவிடலாம் என்று அவரே சொன்னபோது, 106–93 என்ற வாக்குகளில் தீர்மானத்தைக் கிடப்பில் போட்டார்கள்.

1844 டிசம்பர் 3 அன்று வாய்ப்பூட்டு விதி 108–80 என்று ரத்தானது. இதை ஆடம்ஸின் நாவன்மைக்குக் கிடைத்த பரிசாக மட்டும் எழுதுவது வழக்கம். எண்களைப் பார்த்தால் கதை வேறு. தெற்கின் உறுப்பினர்கள் மனம் மாறவில்லை. 1836இல் தெற்கோடு சேர்ந்து வாக்களித்த வடக்கு ஜனநாயகக் கட்சிக்காரர்களின் அணியில் பெரும்பகுதி எட்டு ஆண்டுகளில் கரைந்துபோனது. அடிமைகளைப் பற்றிக் கவலைப்படாத வடக்கு வாக்காளர்கூட, என் மனுவை வாங்க மறுக்க இவர்கள் யார் என்று கேட்க ஆரம்பித்திருந்தார். அடிமைமுறையின் பிரச்சினையைச் சுதந்திர மனிதர்களின் பிரச்சினையாக மாற்றிக்காட்டியதுதான் ஆடம்ஸ் செய்த வேலை. அதிபராக இருந்தபோது கைவராத அரசியல் கலை அது.

அந்தப் போராட்டத்துக்கு நடுவிலேயே 1841இல் ஆமிஸ்டாட் வழக்கு வந்தது. சட்டவிரோதமாகக் கடத்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் கியூபா அருகே ஆமிஸ்டாட் என்ற கப்பலைக் கைப்பற்றி, கடைசியில் அமெரிக்கக் கடற்படையிடம் பிடிபட்டார்கள். ஸ்பெயினின் கோரிக்கைக்கு இணங்கி அவர்களை ஒப்படைக்க விரும்பியது அதிபர் வான் ப்யூரனின் அரசு. உச்ச நீதிமன்றத்தில் வாதாடி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்த ஆடம்ஸ், ரோஜர் பால்ட்வினோடு சேர்ந்து அவர்களுக்காக வாதாட ஒப்புக்கொண்டார். இரண்டு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். மார்ச் 9 அன்று அவர்கள் சுதந்திர மனிதர்களே என்று தீர்ப்பு வந்தது. சட்ட நுணுக்கத்தில் பால்ட்வினின் வாதமே தீர்ப்புக்கு அதிகம் பயன்பட்டது என்பது நியாயமான மதிப்பீடு. ஆனால் முன்னாள் அதிபர் ஒருவர் நீதிமன்றத்தில் நின்று, பதவியில் இருக்கும் அரசு அநீதியின் பக்கம் சாய்ந்தது என்று குற்றம்சாட்டியதற்குத் தனி எடை இருந்தது.

கேலி செய்யப்பட்ட அறிவியல் கனவையும் அவர் விடவில்லை. ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஐந்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகை 1838இல் வந்துசேர்ந்தபோது, அது ஆளாளுக்குப் பங்குபோட்டுத் தின்னும் பணம் ஆகிவிடக் கூடாது என்று குழுத் தலைவராக இருந்து மல்லுக்கட்டினார். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1846இல் அமைந்தது. 1832இல் கடற்கரை அளவைத் துறைக்கான சட்டத்தில், இதைக் காரணம் காட்டி வானாய்வு நிலையம் கட்டக் கூடாது என்றே காங்கிரஸ் எழுதிவைத்திருந்தது; அவ்வளவு ஒவ்வாமை. பிறகு கடற்படையின் வரைபடக் கிடங்கு என்ற பெயரில் பணம் ஒதுக்கி ஒன்றைக் கட்டினார்கள். அமெரிக்கத் துணை அதிபரின் இன்றைய வீடு இருப்பது அந்தக் கடற்படை வானாய்வு நிலையத்தின் பிற்கால வளாகத்தில்தான்.

அவருடைய வாதங்களில் அதிக தூரம் போனது போர்க்கால அதிகாரம் பற்றியது. அமைதிக் காலத்தில் மாநிலங்களின் அடிமைமுறையில் காங்கிரஸ் கைவைக்க முடியாது, ஆனால் போர் அந்த மாநிலங்களுக்குள் வந்துவிட்டால் அடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் அரசுக்கு வந்துவிடும் என்று 1836இலும் 1842இலும் சபையில் சொன்னார். உள்நாட்டுப் போர் தொடங்கியதும் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் போன்றவர்கள் அதையே எடுத்துக்காட்டினார்கள். லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் நின்றதும் போர்க்கால அதிகாரத்தின் மேல்தான்.

டெக்சாஸை இணைப்பதை எதிர்த்து 1838இல் வாரக்கணக்கில் பேசியவர், அதிபராக இருந்தபோது அதே டெக்சாஸை மெக்சிகோவிடமிருந்து விலைக்கு வாங்க முயன்றவர். எதிரிகள் அதைச் சொல்லிக்காட்டத் தவறவில்லை. மெக்சிகோ மீதான போரை 1846இல் சபையில் எதிர்த்தவர்கள் 14 பேர், அவர்களில் அவரும் ஒருவர். 1848 பிப்ரவரி 21 அன்று அந்தப் போரின் தளபதிகளைப் பாராட்டும் தீர்மானத்துக்கு உரக்க 'இல்லை' என்றார். சிறிது நேரத்தில் இருக்கையிலேயே சரிந்தார். சபாநாயகரின் அறையில் இரண்டு நாள் கிடந்து இறந்தார். இறுதிச் சடங்கு ஏற்பாட்டுக் குழுவில் இல்லினாய் மாநிலத்தின் முதல் தவணை உறுப்பினர் ஒருவர் இருந்தார். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

அவருடைய தொகுதிக்கு அடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பொதுக் கல்விக்காகப் பாடுபட்ட ஹோரஸ் மான். அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய நிலப்பகுதிகளுக்கு அடிமைமுறை பரவுவதை எதிர்த்து பஃபலோ நகரில் ஃப்ரீ சாயில் என்ற புதுக் கட்சி உருவானது. துணை அதிபர் வேட்பாளர் ஆடம்ஸின் மகன் சார்ல்ஸ் ஃபிரான்சிஸ். அதிபர் வேட்பாளர், 1828இல் தந்தையைத் தோற்கடித்த கட்சியைக் கட்டியவரும், ஆமிஸ்டாட் ஆப்பிரிக்கர்களை ஸ்பெயினிடம் ஒப்படைக்க முனைந்தவருமான மார்ட்டின் வான் ப்யூரன். நாடு முழுவதும் பத்தில் ஒருவர் அவர்களுக்கு வாக்களித்தார். ஒரு மாநிலத்தில்கூட வெல்லவில்லை. ஆனால் அந்த வாக்காளர்களில் பெரும்பாலோர் எட்டே ஆண்டுகளில் குடியரசுக் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.